மெடிக்கல் கார்டை வாங்குவது யார்? வளைகுடா மருத்துவக் காப்பீடும் சந்தைப் போட்டியும்

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்திக் கைப்பேசியை நீட்டினார். “ஹஜ்ரத், துபாயிலிருந்து மகன் அனுப்பியிருக்கிறான். எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அது ஒரு மருந்துக்கடை கொடுத்த சீட்டு. அவருடைய மகனுக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். பழைய கம்பெனியின் மெடிக்கல் கார்டில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். சம்பளம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வேறு கம்பெனிக்கு மாறினார். புதிய கார்டு வந்தது. ஆனால் நாள்பட்ட நோய்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் மருந்து என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னோம். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. “விசா மாறினால் சர்க்கரை ஆறு மாதம் சும்மா இருக்குமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். அவருடைய இன்னொரு கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உள்ளே மூன்று மாதத்துக்கான மாத்திரைகள். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து விமானம் ஏறும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப வாங்கி வைத்திருந்தார்.

இப்படிப் பை தூக்காத வீடு நம் ஊர்களில் எத்தனை இருக்கும்? கார்டு இருக்கிறது, மருந்து மட்டும் ஊரிலிருந்து போகிறது. இது ஏன் இப்படி நடக்கிறது என்று விசாரிக்கப் போனோம். அது சட்டம், சந்தை, ஷரீஅத் என்று பல இடங்களுக்கு இழுத்துச் சென்றது.

முதலில் நன்றியோடு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். வளைகுடாவில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு இன்று சட்டப்படியான உரிமை. சவூதி அரேபியா 1999-லேயே கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அபுதாபியில் 2005-லும் துபாயில் 2013-லும் சட்டம் வந்தது. துபாயில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிகளில் தொடங்கி, சிறிய கடைகள் வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், ராசல் கைமா, புஜைரா ஆகிய ஐந்து அமீரகங்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்; காப்பீடு இல்லாமல் விசா அடிப்பதும் இல்லை, புதுப்பிப்பதும் இல்லை. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ரூமில் இருக்கும் பத்துப் பேரும் ஊர் ஜமாஅத்தும் வசூல் செய்து பில் கட்டிய காலம் நமக்கு நினைவிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்தக் காப்பீட்டை வாங்குபவர் யார்?

நாம் சந்தையில் மீன் வாங்குகிறோம் என்றால் செவுளைத் திருப்பிப் பார்க்கிறோம். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம். அந்தப் பயத்தில்தான் கடைக்காரர் நல்ல மீனாக வைக்கிறார். போட்டி என்பதன் பலன் இவ்வளவுதான். வளைகுடாவின் மெடிக்கல் கார்டிலோ தேர்ந்தெடுப்பவர் கம்பெனி முதலாளி, பணம் கட்டுபவரும் அவரே; நோய் வருவது தொழிலாளிக்கு. துபாய் சட்டப்படி தொழிலாளிக்கான கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் கட்டுபவரே தேர்ந்தெடுக்கிறார். ஒரு துப்புரவுக் கம்பெனிக்கு ஐந்நூறு ஆட்கள் இருந்தால், ஆளுக்கு இருபது திர்ஹம் குறைத்துத் தரும் காப்பீட்டு நிறுவனத்துக்கே அந்த ஒப்பந்தம் போகும். இருபது திர்ஹம் எங்கே குறைந்தது? ஆஸ்பத்திரிப் பட்டியலில் குறைந்திருக்கலாம், கேம்ப்புக்குப் பக்கத்திலிருந்த கிளினிக் பட்டியலிலிருந்து போயிருக்கலாம். பத்து நிறுவனங்கள் ஒன்றோடொன்று மோதிக் கட்டணத்தை இறக்கினால், போட்டிச் சட்டம் படித்தவர்கள் கண்ணுக்கு அது ஆரோக்கியமான சந்தை. கேம்ப்பில் இருப்பவருக்கோ டாக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும்.

நாட்டுக்கு நாடு இதற்கு வெவ்வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அபுதாபி, குறைந்த வருமானத் தொழிலாளர்களின் அடிப்படைத் திட்டத்தை ‘தமான்’ என்ற ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. துபாய் நடுவழியில் போனது. மாதம் 4000 திர்ஹத்துக்குக் கீழே சம்பளம் வாங்குபவர்களுக்கு ஓர் அடிப்படைத் திட்டம். அதில் என்னென்ன சிகிச்சை இருக்க வேண்டும் என்பதை அரசே எழுதிவிட்டது. தொடக்கத்தில் கட்டணத்தை 500 முதல் 700 திர்ஹத்துக்குள் நிறுத்தியது. அந்தத் திட்டத்தை விற்கச் சில நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. வருடத்துக்கு 1,50,000 திர்ஹம் வரை செலவை அவை ஏற்க வேண்டும். சவூதியில் பல நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் பாலிசியின் வாசகம் ஒன்றுதான். அதன் உச்சவரம்பு 2022 அக்டோபரில் 5 லட்சம் ரியாலிலிருந்து 10 லட்சம் ரியாலாக உயர்த்தப்பட்டது.

இவற்றில் நமக்கு வியப்பளித்தது ஐந்து அமீரகங்களின் புதிய திட்டம். வருடத்துக்கு 320 திர்ஹம்தான், நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். தனித்தனி நிறுவனங்கள் ஆள் பிடிக்காமல், ஒரு பொதுத் தொகுப்பாக இது நடக்கிறது. வெளிநோயாளியாகப் போனால் செலவில் நூற்றுக்கு 25, அதுவும் ஒரு தடவைக்கு 100 திர்ஹத்துக்கு மேல் போகாமல் நாம் கட்ட வேண்டும். படுத்துச் சிகிச்சை எடுத்தால் நூற்றுக்கு 20. ஒரு தடவைக்கு 500, வருடத்துக்கு 1000 திர்ஹம் என்பது உச்சம். மருந்துக்கு நூற்றுக்கு 30 நம் பங்கு. மருந்து வரம்பு வருடத்துக்கு 1500 திர்ஹம். குறை என்னவென்றால் பட்டியல் மிகச் சிறியது. தொடங்கியபோது 7 ஆஸ்பத்திரிகள், 46 கிளினிக்குகள், 45 மருந்துக்கடைகள். ஐந்து அமீரகங்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான்! ஆனால் நாள்பட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம் இதில் கிடையாது. முதல் நாளே சர்க்கரை மாத்திரை வாங்கலாம்.

துபாய்த் திட்டத்தில் ஆறு மாதம் காக்க வைக்கிறார்கள், அதைவிட மலிவான ஷார்ஜாத் திட்டத்தில் காக்க வைப்பதில்லை. இது எப்படி? பல நிறுவனங்கள் போட்டி போடும் இடத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பயம் இருக்கிறது: நோயாளிகள் எல்லாம் நம்மிடமே வந்து சேர்ந்துவிட்டால்? அந்தப் பயத்தில் ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று ஒரு வேலி போடுகிறார்கள். எல்லாத் தொழிலாளர்களும் ஒரே தொகுப்பில் இருந்தால் அந்த வேலிக்கு வேலை இல்லை. கம்பெனி மாறினாலும் அவர் அதே தொகுப்பில்தான் இருக்கிறார். துபாயும் இதை ஒரு மூலையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. புற்றுநோய், ஹெபடைடிஸ் சி போன்ற பெருஞ்செலவு நோய்களுக்காக, அடிப்படைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ‘பஸ்மா’ என்ற பொது நிதியை ஏற்படுத்தியிருக்கிறார்கள். சில நோய்களைச் சந்தையிடம் விட முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இங்கே சில சகோதரர்கள் குறுக்கிட்டு, இன்ஷூரன்ஸே கூடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடே மாற்று என்றும் முடிவு செய்தது. சவூதியின் சட்டத்துக்குக் ‘கூட்டுறவு’ என்ற பெயர் வந்ததும் அந்தச் சிந்தனை வழியில்தான். சட்டம் கட்டாயப்படுத்துவதால் தொழிலாளியின் மீது இதில் குற்றம் பிடிக்க இடமில்லை. ஆனால் பெயருக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். சவூதி விதிகளின்படி காப்பீட்டு நிறுவனத்தின் உபரியில் நூற்றுக்கு 90 பங்குதாரர்களுக்கு, 10 பாலிசிதாரர்களுக்கு. கூட்டுப் பாலிசியில் பாலிசிதாரர் யார்? கம்பெனி. நோயில்லாமல் வருடம் முழுக்க உழைத்த தொழிலாளர்களால் மிஞ்சிய அந்தப் பத்தும் முதலாளியின் அடுத்த வருடக் கட்டணத்தில் கழிகிறது.

இனி போட்டிச் சட்டத்துக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2012-ம் ஆண்டுப் போட்டிச் சட்டம் நிதித்துறையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2023-ல் வந்த புதிய சட்டம் அந்த விலக்குப் பட்டியலை எடுத்துவிட்டது. அரசு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுக்க மட்டும் இடம் வைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் சந்தையில் நூற்றுக்கு 40-க்கு மேல் வைத்திருந்தால் அது ஆதிக்க நிலை என்று 2025-ல் அளவுகோல் வகுத்தார்கள். நிறுவனங்கள் கூடிப்பேசி விலையை ஏற்றுவது, ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, போட்டியை நசுக்கும்படி ஒன்றை ஒன்று வாங்குவது ஆகியவற்றைத் தடுப்பதே இத்தகைய சட்டங்களின் வேலை. வாங்குபவரைப் பாதுகாப்பதுதான் நோக்கம். அதில்தான் சிக்கல். நம் பிள்ளை வாங்குபவர் அல்லவே! முதலாளி நியாயமான விலையில் மட்டமான கார்டை வாங்கினால் போட்டிச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவும் கிடையாது.

வெளிநாட்டவரே நேரடியாக வாங்கும் இடத்தில் கதை வேறு. ஐரோப்பாவில் செக் நாட்டில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே வேலை பார்ப்பவர்கள் பொதுக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவார்கள். மாணவர்கள், குழந்தைகள், வேலைக்குப் போகாத துணைவியர் போன்ற வெளிநாட்டவர்கள் தனியாரிடம் காப்பீடு வாங்கியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த சட்டத்திருத்தம், அதை ஒரே நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்றது. நாட்டின் மிகப் பெரிய பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம் அது. ஐந்து வருடத்துக்கு இந்த ஏற்பாடு என்றார்கள். செக் நாட்டின் போட்டிப் பாதுகாப்பு அலுவலகம் எதிர்த்தது, ஐரோப்பிய ஆணையமும் கேள்வி எழுப்பியது. வாக்குரிமை இல்லாதவன் மீது சுமை ஏற்றினால் நாடாளுமன்றத்தில் யாருக்கும் வலிக்காது என்பது எல்லா நாட்டுக்கும் பொது. ஆனாலும் ஐந்து வருடம் ஓடவில்லை. 2023 செப்டம்பரில் அந்த ஏகபோகம் நீக்கப்பட்டது. நீண்டகால அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரின் குழந்தைகளை 2024 தொடக்கத்திலிருந்து பொதுக் காப்பீட்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அங்கே போட்டி விதிகள் புலம்பெயர்ந்தவருக்குக் கைகொடுத்தன. ஏனென்றால் அங்கே பணப்பையைத் திறந்தவர் அவரே.

அப்படியானால் ஏகபோகம் நல்லதா, போட்டி நல்லதா? நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியை வேறொரு வாசலிலிருந்து பார்த்திருக்கிறார்கள். விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி மக்கள் கேட்டதற்கு நபி (ஸல்) அவர்கள் இணங்கவில்லை என்ற செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் வருகிறது. சுதந்திர வணிகத்துக்கு ஆதாரமாக இதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ‘அல் ஹிஸ்பா’ நூலில் ஒரு நிலையைத் தனியே பிரித்துப் பேசுகிறார்கள். மக்களுக்கு அவசியமான பொருளைக் குறிப்பிட்ட சிலர்தான் விற்கலாம் என்று ஆகிவிட்டால், அவர்கள் நியாய விலைக்கு மேல் விற்காதபடி விலையைக் கட்டுவது ஆட்சியாளர் மீது கட்டாயம் என்பது அவர்களின் கருத்து. வாங்குபவருக்கு வேறு கதவு இல்லை என்பதே காரணம். துபாய் கட்டணத்துக்கு மேலெல்லை வைத்ததும் 320 திர்ஹம் என்று அரசே அறிவித்ததும் இந்த வாதத்துக்குப் பொருந்துகின்றன. வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திவிட்டு, விற்பவரையும் ஒருவராக்கிவிட்டு, விலையை அவர் விருப்பத்துக்கு விட்டால் அது ஒப்பக்கூடியதல்ல.

நம் கருத்து இதுதான். கேம்ப்பில் இருக்கும் தொழிலாளிக்கு, விலையும் சிகிச்சையும் அரசால் எழுதப்பட்ட ஒரே பொதுத் தொகுப்பு போட்டியைவிடப் பாதுகாப்பானது. அவருக்காகப் பேரம் பேச யாரும் இல்லை. மனைவி மக்களை அழைத்துக்கொண்டு தானே கார்டு வாங்கும் குடும்பஸ்தருக்குப் போட்டி தேவை. துபாயில் தொழிலாளியின் குடும்பத்துக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை அல்ல, ஸ்பான்சர் செய்பவரின் பொறுப்பு. பிரசவ வயதில் உள்ள பெண்களுக்குக் கட்டணம் கூடுதல். அங்கே நான்கு இடத்தில் விசாரித்து வாங்கும் வழி திறந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் அவர் இருவரில் ஒருவரையாவது பார்த்ததில்லை என்று பொருள்.

இன்னொன்று, வேலை மாறினாலும் கூடவே வரும் காப்பீடு. இது நம் நாட்டிலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படும் பாஸ்போர்ட்டில், அதாவது பத்தாம் வகுப்பு முடிக்காமல், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ எடுத்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு லட்சம் வரை இடமுண்டு. கம்பெனி மாறினாலும் ஊர் மாறினாலும் பாலிசி செல்லும். விலையை அரசு கட்டி, விற்பதைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காகிதம் டிராவல்ஸ்காரரின் மேசையிலேயே தங்கிவிடுகிறது. மய்யித் ஊர் வந்து சேர்ந்த பிறகும் இப்படி ஒரு பாலிசி இருந்தது தெரியாத குடும்பத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் ஊர்த் தொழிலதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலும் சென்னை உணவகங்களிலும் பீகார், அஸ்ஸாம் சகோதரர்கள் வேலை பார்க்கிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களை ஈ.எஸ்.ஐ.யில் சேர்ப்பது சட்டம். அந்த எண் அவருக்கு ஆயுள் முழுக்க. அடுத்த முதலாளியிடம் போனாலும் அதே எண்தான். துபாய் முதலாளியிடம் நம் பிள்ளைக்கு நாம் எதிர்பார்ப்பது இதைத்தானே? ‘தற்காலிக ஆள்’ என்று சொல்லிப் பெயரை விட்டுவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

ஃப்ரீ விசாவில் போகிறவர்களின் நிலை எல்லாவற்றிலும் மோசம். பெயருக்கு ஒரு கஃபீல், வேலை வேறெங்கோ. விசாச் செலவோடு மெடிக்கல் கார்டுக்கும் இவரிடமே வாங்கிக்கொள்கிறார்கள். சட்டம் தடுத்ததை இவரே ரொக்கமாகக் கட்டுகிறார். பணம் கட்டியும், கார்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, முறையிடவும் வழியில்லை. முறையிட்டால் முதலில் வெளிவருவது இவருடைய விசாக் கதைதான். விசா வாங்கித் தருபவர்களிடம் பேரம் பேசும்போது, கார்டு எந்தத் திட்டம், யார் கட்டுவது என்பதையும் பெற்றோர் கேட்டு எழுதி வாங்க வேண்டும். சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டி வருகிறோம்.

பெரியவரின் மகன் விஷயத்துக்கு வருவோம். துபாயில் உள்ள நண்பர்களிடம் விசாரித்ததில், முதல் தடவை காப்பீட்டில் சேர்பவருக்குத்தான் அந்த ஆறு மாதம் என்று தெரிந்தது. ஏற்கெனவே காப்பீட்டில் இருந்தவர், பழைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து தொடர்ச்சிச் சான்றிதழ் வாங்கிப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் காத்திருக்க வேண்டியதில்லை. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய கம்பெனியில் விசா வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாரமாகப் போன் செய்கிறார், எடுக்கவில்லையாம். காப்பீட்டு நிறுவனத்துக்கே பழைய கார்டு எண்ணோடு எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறோம். மாத்திரைப் பை திருச்சியிலிருந்து போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குள் டாக்டர் சீட்டும் கடை பில்லும் வைத்து அனுப்பும்படி பெரியவரிடம் சொன்னோம். விமான நிலையத்தில் கேட்டால் கொண்டுபோகிறவர் காட்ட வேண்டுமல்லவா.